மூன்றாவது சரணம்

அக்கா தான் கட்டிய பாட்டைப் பாடி முடித்து நான் கேட்டதில்லை. வருஷக்கணக்கில் பின்னால் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்தவன் சொல்கிறேன். பல்லவி கேட்டிருக்கிறேன், முதல் சரணம் கேட்டிருக்கிறேன், இரண்டாவது சரணத்துக்கு ஜனங்கள் விசிலடித்ததைக் கேட்டிருக்கிறேன். அதற்குள் தலைவர் வந்துவிடுவார்.

அந்தக் காலத்துப் பொதுக்கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாலை ஐந்து மணிக்குத் தலைவர் பேசுகிறார் என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதியிருப்பார்கள். அந்த ஐந்து மணிக்குத் தலைவர், மூன்று மணிக்குப் பேச வேண்டிய ஊரில் அப்போதுதான் மாலை வாங்கிக்கொண்டிருப்பார். வந்த கூட்டம் வீட்டுக்குப் போய்விடாமல் இருக்க யாராவது பாட வேண்டும். கார் தெரிந்ததும் மைக்செட்காரர் துண்டை ஆட்டுவார். பாடுகிறவர் எந்த எழுத்தில் இருக்கிறாரோ அதே எழுத்தில் நிறுத்தி, கும்பிட்டு, பின்னால் நகர்ந்துவிட வேண்டும். மைக் தலைவருடையது. திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர், குடவாசல் வட்டாரத்தில் பாட்டுத் தொழிலில் முன்னுக்கு வர அன்றைக்கு இருந்த ஒரே வாசல் இதுதான்.

நான் அந்த வாசலில் நுழைந்த கதை சின்னது. என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள் என்று அப்பா ஓர் ஆர்மோனியம் வாங்கிப் போட்டிருந்தார். வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். தங்கை கல்யாணமாகிப் போய்விட்டாள், பெட்டி தங்கிவிட்டது. வீட்டில் வேலையில்லாமல் இருந்தது அதுவும் நானும்தான் என்பதால் எங்களுக்குள் ஒரு சிநேகம் உண்டானது. தெருவோடு போன மைக்செட் ஜெயராமன் ஒருநாள் நின்று கேட்டார். "வாசிக்கத் தெரியுதோ இல்லியோ, பொட்டி நல்ல பொட்டி. எடுத்துக்கிட்டு வா" என்றார். அன்று முதல் நான் இசைக்கலைஞன்.

அக்கா வந்த வழி வேறு. அவர் நடவுக்குப் போகிறவர். பெண்கள் பாடிக்கொண்டே நடுவார்கள். வரப்பில் மிராசுதாரின் குடை தெரிந்ததும் பாட்டு தானாக நிற்கும். அப்படி யாரும் உத்தரவு போட்டதில்லை. அப்படித்தான் இருந்தது, அவ்வளவுதான். ஒருநாள் குடை வந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை.

"யாருடி அவ? நான் வந்து நிக்கிறது தெரியல?"

"தெரியுதுங்க. வாய்தானே பாடுது? கை நட்டுக்கிட்டுதான் இருக்கு. கை நின்னா கேளுங்க."

மறுநாளிலிருந்து அந்தப் பண்ணையில் அக்காவுக்கு வேலை இல்லை. விஷயம் கேள்விப்பட்ட விவசாயத் தொழிலாளர் சங்கம் அவரைக் கூட்டிப்போய் மேடையில் ஏற்றியது. ஆக, அக்காவின் இசை வாழ்க்கை வேலை போனதில் தொடங்கியது. என்னுடையது வேலை கிடைக்காததில் தொடங்கியது. இரண்டு பேரும் ஒரே ஜமுக்காளத்துக்கு வந்து சேர்ந்தோம்.

முதல் நாள் என்னைப் பார்த்து "கும்புடுறேன் சின்னய்யா" என்றார். சங்கத்துக்காரர் ஒருவர் அங்கேயே அதட்டினார்: "என்ன சின்னய்யா பெரியய்யா? தம்பின்னு கூப்புடு." அடுத்த கூட்டத்தில் தம்பி ஆனேன். நாலைந்து கூட்டம் என் வாசிப்பைக் கேட்ட பிறகு "ஏ பொட்டி" ஆகிவிட்டேன். அதற்கப்புறம் எனக்குப் பதவி உயர்வு எதுவும் வரவில்லை.

அக்கா பாடுவதைப் பார்க்க வேண்டும். குரல் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி இருக்காது, முழங்கால் ஆழச் சேற்றிலிருந்து ஏறி வருகிற மாதிரி இருக்கும். பாடும்போது வலது கை விரல்கள் மூன்று சேர்ந்து காற்றில் எதையோ பிரித்துப் பிரித்து ஊன்றிக்கொண்டிருக்கும். ஒரு சங்கடம், நடவு நடுகிறவர்கள் பின்பக்கமாகத்தான் நகர்வார்கள். பாட்டு சூடு பிடிக்கப் பிடிக்க அக்காவும் மைக்கை விட்டுப் பின்னால் போய்க்கொண்டே இருப்பார். குடவாசலில் ஒருமுறை மேடையை விட்டே இறங்கிவிட்டார். மைக் தனியாக முன்னால் நின்றது, பாட்டு பின்னால் படுதாவுக்குள்ளிருந்து வந்தது. அதற்கு ஜெயராமன் ஒரு வழி கண்டுபிடித்தார். என்னையும் பெட்டியையும் அக்காவுக்கு நேர் பின்னால் உட்கார வைத்தார். அக்கா பின்னால் வந்தால் என்மேல் முட்டி நிற்பார். தமிழிசைக்கு நான் செய்த தொண்டு என்று கேட்டால் அதைச் சொல்லலாம்.

மற்றவர்கள் கட்டிய பாட்டுகளை நிறையப் பாடினார். சொந்தமாகக் கட்டியது ஒன்றே ஒன்று.

நட்ட பயிரு நிமிந்திருச்சு - நாம
நிமிந்து நிக்க நாளாச்சு

என்று எடுப்பார். முதல் சரணம் ஆற்றில் தண்ணீர் வந்ததைச் சொல்லும். இரண்டாவது சரணம் கூலி கேட்டதைச் சொல்லும். மூன்றாவது சரணத்தில் அவர் வீட்டுக்காரரின் பெயர் வரும்.

வீட்டுக்காரர் இறந்து போனது ஓர் அறுவடை சமயத்தில். களத்துமேட்டில் கூலி நெல் கூட்டிக் கேட்டு நின்றவர்களில் அவர் முன்னால் நின்றவர். அடியாட்கள் வந்தபோது மற்றவர்களை ஓடச் சொல்லிவிட்டுக் கடைசி வரை நின்றவரும் அவர்தான். பிறகு வாய்க்காலில் கிடைத்தார். பேப்பரில் "கூலித் தகராறில் ஒருவர் சாவு" என்று போட்டிருந்தார்கள். அந்த "ஒருவர்" என்ற வார்த்தையை யாரோ அக்காவுக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள். அது அவருக்குள் முள்ளாக ஏறிவிட்டது.

"ஒருவராம்ல? ஊருக்குள்ள ஒருவர்னு யாருக்காச்சும் பேரு வைப்பாங்களா? பேரு இருந்துச்சு. நல்ல பேரு."

ஆனால் அந்தப் பேரை அக்கா சொல்லமாட்டார். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால் அக்கா பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்பார், அவள் சொல்வாள். ஓட்டுப்போடுகிற இடத்திலும் அப்படித்தான். சங்கம் சின்னய்யாவைத் தம்பியாக்கிவிட்டது, இதை மாற்ற முடியவில்லை. பாட்டில் மட்டும் சொல்லலாம் என்பது அக்கா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். "பாட்டுல வந்தா அது நான் கூப்புடுறது இல்ல. பாட்டு கூப்புடுது" என்பார். நிறைந்த கூட்டத்தில், மைக்கில், நாலு திசையும் கேட்க அந்தப் பெயர் ஒருதடவை போக வேண்டும். அக்கா மேடையேறியதே அதற்குத்தான். மற்றதெல்லாம் எங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்ததோடு சரி.

கொஞ்ச காலத்தில் ஆளுங்கட்சிக் கூட்டங்களிலும் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லா மேடையிலும் நில உச்சவரம்பு, குத்தகை, கூலி என்றுதான் பேசினார்கள். எல்லா மேடைக்கும் அக்காவின் பாட்டு பொருந்தியது. எல்லா மேடையிலும் அது இரண்டாவது சரணத்தோடு நின்றது. சங்கத் தலைவர்கள் ஏறக்குறைய நேரத்துக்கு வந்துவிடுகிறவர்கள். அங்கே பல்லவி தாண்டுவதே கஷ்டம்.

நான் ஒருநாள் கேட்டேன்: "ஏங்க்கா, கட்சிப் பாட்டெல்லாம் அப்புறம் வச்சுக்கிட்டு, இதை முதல்லயே பாடிட்டா என்ன?"

"முதல்ல யாரு இருக்கா? கடலை விக்கிறவனும் ரெண்டு நாயும். அதுங்க கிட்டயா நான் அவங்க பேரைச் சொல்லணும்?"

"கூட்டம் ரொம்புறப்ப தலைவர் வந்துடுறாரே."

"ஒருநாளு லேட்டா வருவாரு, பாரேன்."

கூட்டத்துக்கும் தலைவர் வரும் நேரம் தெரியும். தலைவருக்கும் கூட்டம் சேரும் நேரம் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சரணம் அளவுக்கு இடம் வேண்டும் என்று அக்கா காத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாள் வாய்த்துடுக்கில் கேட்டுவிட்டேன். "மிராசுதாரு வந்தப்பவே நிறுத்தாதவங்க நீங்க. இவங்களுக்கு மட்டும் ஏன்க்கா டக்குனு நிறுத்துறீங்க?"

அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை. "அது பயத்துல நிக்கிறது. இது மரியாதையில நிக்கிறது. நம்ம ஆளுங்கல்ல இவங்க?" என்றார். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்ட பிறகு, "நிக்கிறது என்னமோ ஒண்ணாத்தான் இருக்கு" என்றார்.

கீழ்வேளூரில் ஒருதடவை கிட்டத்தட்ட நடந்துவிட்டது. தலைவர் வருகிற வழியில் ரயில்வே கேட் மூடிவிட்டார்கள் என்று தகவல். மைதானம் நிறைந்திருந்தது. பெண்கள் தனியாக ஒருபக்கம், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. இரண்டாவது சரணம் முடிந்தது. ஜெயராமனின் துண்டு ஆடவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெட்டியை அழுத்தினேன். விரல் தப்பான கட்டையில் விழுந்தது, ஆனால் அது என் வழக்கமான வாசிப்பிலிருந்து அதிகம் வித்தியாசப்படவில்லை.

களத்துமேட்டு ஓரத்திலே
கடைசி வரைக்கும் நின்ன...

அவ்வளவுதான். கேட்டில் காரை விட்டுவிட்டு, தலைவர் நடந்தே பின்பக்கமாக வந்து மேடையேறிவிட்டார். எளிமையானவர். கூட்டம் எழுந்தது. அக்காவின் வீட்டுக்காரர் பெயர் வரவேண்டிய இடத்தில் தலைவர் பெயரைச் சொல்லி வாழ்க வாழ்க என்றது. அக்கா கும்பிட்டபடி பின்னால் நகர்ந்து என்மேல் முட்டி நின்றார். தலைவர் மைக்கைப் பிடித்ததும், "அருமையான பாட்டு, கேட்டுக்கிட்டே வந்தேன்" என்று இரண்டு வார்த்தை பாராட்டினார். அதற்கும் கைதட்டினார்கள்.

இந்த நேரத்தில்தான் இசைத்தட்டு வந்தது. ஆளுங்கட்சியில் எங்கள் ஒன்றியச் செயலாளராக இருந்தவரை ஊரே "ஒன்றியம்" என்றுதான் கூப்பிடும். பதவி போன பிறகும் அவர் பெயர் அதுவாகவே இருந்தது. நல்ல மனிதர். தேர்தலுக்காக மெட்ராஸில் ஒரு தட்டு போடுகிறார்கள் என்றும், ஒரு பக்கம் கட்சிப் பாட்டு, இன்னொரு பக்கம் அக்கா எது வேண்டுமானாலும் பாடலாம் என்றும் சொல்லிக்கொண்டு வந்தார்.

"எதுன்னாலுமா?" என்றார் அக்கா.

"எதுன்னாலும்மா. உன் பாட்டையே பாடு."

"அங்க தலைவரு வருவாரா?"

ஒன்றியம் சிரித்தார். "அங்க ஏம்மா அவரு வர்றாரு? நீயும் மைக்கும்தான். கதவைப் பூட்டிருவாங்க."

ரயில் மெட்ராஸ் போய்ச் சேரும்வரை அக்கா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "கதவைப் பூட்டிருவாங்களாமே பொட்டி. பூட்டுனப்புறம் யாரு வரமுடியும்?"

ஸ்டுடியோவில் முதல் வேலையாக என் ஆர்மோனியத்தைப் பார்த்துவிட்டு, "இதை வெளியவே வச்சிடுங்க சார்" என்றார் ரிக்கார்டிங் இன்ஜினீயர். "வாசிச்சுக் காட்டட்டுமா?" என்றேன். "பார்த்தாலே தெரியுது" என்றார். அங்கே பிடில், புல்லாங்குழல், தபேலா எல்லாம் அவர்களே வைத்திருந்தார்கள். நான் இன்ஜினீயர் அறையில் ஒரு மூலையில் நின்றேன். நடுவில் பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா. பின்னால் நகராமல் இருக்கக் காலடியில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். என் வேலையை ஒரு சாக்கட்டி செய்துவிட்டது.

கட்சிப் பாட்டு முதலில் முடிந்தது. அப்புறம் அக்காவின் பாட்டு. அன்றைக்குப் பாடியது போல அவர் எங்கேயும் பாடியதில்லை. இன்ஜினீயர் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முதல் சரணம். இரண்டாவது சரணம். பிடில் இடையில் ஒரு சுற்றுச் சுற்றி அக்காவுக்கு வழி விட்டது. அக்கா மூச்சு இழுத்தார்.

அப்போது எங்கள் அறைக்கதவு திறந்தது. ஒன்றியம். எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் யாரையோ பார்த்துவிட்டு, பாட்டு எப்படி வருகிறது என்று ஆசையாக ஓடி வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கட்சிக் கரை போட்ட துண்டு. கண்ணாடி வழியாக அக்கா பார்த்தார்.

இழுத்த மூச்சு அப்படியே நின்றது. இரண்டு கையும் தானாகச் சேர்ந்தன. கும்பிட்டபடி, சாக்கட்டிக் கோட்டைத் தாண்டிப் பின்னால் போய் நின்றுவிட்டார்.

"ஏம்மா நிறுத்தினீங்க?" என்று இன்ஜினீயர் மைக்கில் கத்தினார்.

"அவங்க வந்துட்டாங்களே" என்றார் அக்கா.

ஒன்றியத்துக்கு முகம் செத்துப்போய்விட்டது. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, நான் யாரும்மா? நான் சும்மா வந்தேம்மா! பாடும்மா!" என்றார். உள்ளே கேட்காது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு, தான் போனால்தான் சரிவரும் என்று நினைத்து, துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய் நடைபாதையில் உட்கார்ந்தார்.

மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். பல்லவி, முதல் சரணம், இரண்டாவது. பிடில் சுற்றிவிட்டு வழி விட்டது. அக்காவின் கண் கதவுக்குப் போயிற்று. யாரும் வரவில்லை. கதவு மூடித்தான் இருந்தது. அக்கா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது. பாட்டு வரவில்லை.

"பரவால்லம்மா, இதுவே போதும்" என்றார் இன்ஜினீயர். எரிச்சலோடு சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். "அடுத்த பார்ட்டி வெளிய வந்து நிக்குது. எப்படியும் தட்டுல மூணு சரணத்துக்கு இடம் இடிக்கும். ரெண்டு நல்லா விழுந்திருக்கு. பிடிலை வச்சு அழகா முடிச்சிடலாம்." பிடில்காரர் இரண்டே நிமிஷத்தில் ஒரு முடிவு வாசித்துக் கொடுத்தார். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது ஒன்றியம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி எதையாவது வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். முறுக்கு, வாழைப்பழம், திரும்பவும் முறுக்கு. விழுப்புரம் தாண்டியதும் அக்காதான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. "விடுங்கண்ணே. நீங்களா நிறுத்துனீங்க? நான்ல நின்னேன்."

தட்டு ஓடியது. சும்மா ஓடவில்லை, பறந்தது. கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் திருவிழா, டூரிங் டாக்கீஸ், எங்கே மைக்செட் கட்டினாலும் அக்காவின் குரல்தான். எங்கள் வட்டாரத்தில் ஒருவர் தொழிலில் மேலே வந்துவிட்டார் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. அக்கா மேலே வந்த வேகத்தில் தொழில் போய்விட்டது. தலைவர் வரும்வரை பாட ஆள் எதற்கு, தட்டு இருக்கிறதே? கார் தெரிந்ததும் ஜெயராமன் முள்ளைத் தூக்கிவிடுவார். தட்டுக்குக் காபி வேண்டாம், பஸ் சார்ஜ் வேண்டாம், ஆர்மோனியக்காரனும் வேண்டாம். முதலில் எங்களைக் கூப்பிடுவது குறைந்தது. பிறகு நின்றது.

அக்கா மட்டும் கொஞ்ச நாள் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் நிற்காமல், மூங்கிலில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே தனியாக நிற்பார். தன் பாட்டைத் தலையைத் தூக்கிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டாவது சரணம் முடிந்து பிடில் வரும். தலைவர் வரவே இல்லையென்றாலும் பாட்டு அங்கே முடிந்துவிடும். ஒருநாள் தலைவர் மிகவும் தாமதம். ஜெயராமன் அதையே திரும்பத் திரும்பப் போட்டார். அக்கா திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் வரவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில். மத்தியான வெயில். நான் கூட்டுறவு சங்கத்தில் உர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தொப்பை வளர்த்துக்கொண்டிருந்த காலம். "ஏ பொட்டி!" என்று குரல் கேட்டதும், நிழலில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அந்த ஒல்லியான கிழவியைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பொட்டி என்னாச்சு என்று கேட்டார். எலி பல்லவி பாடிக்கொண்டிருக்கிறது என்றேன். சிரித்தார். பல் நிறையப் போயிருந்தது.

"நீங்க பாடுறீங்களாக்கா?"

"நடவுல பாடுறதுதான். இப்ப யாரு கொடையைப் புடிச்சுக்கிட்டு வரப்புல வர்றா? அவங்க நிலத்தை வித்துட்டு மெட்ராஸ் போயிட்டாங்க. நிறுத்தச் சொல்ல ஆளே இல்ல."

"அப்ப உங்க பாட்டை முழுசாப் பாடலாமே?"

"அதான் முடியல தம்பி" என்றார். பல வருஷத்துக்கப்புறம் தம்பி ஆகியிருந்தேன். "ரெண்டாவது சரணம் முடிஞ்சா காதுக்குள்ள அந்தப் பிடில் வந்துருது. ஊரு பூரா அப்படியேதானே கேட்டுச்சு. நானும் அப்படியேதானே கேட்டேன். தனியா, வயல்ல, யாரும் இல்லாதப்ப கூடப் பாடிப் பாத்துட்டேன். பிடில் வந்து முடிச்சுட்டுப் போயிருது. அதுக்கு அந்தாண்ட போக வழி தெரியல."

இந்த மாதிரி நேரத்தில் நான் வழக்கமாக ஏதாவது கிறுக்குத்தனம் செய்வேன். "ஒண்ணு பண்ணுவோம். நான் வெறும் மெட்டு மட்டும் பாடுறேன். மூணாவது சரணத்துலேருந்தே எடுக்கறேன். நான் பாடுனா பிடில் என்ன, எதுவுமே கிட்ட வராது" என்றேன்.

"நீயா?" என்று அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

தன்னானே தானே தன்னே என்று தொடங்கினேன். நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. அக்கா சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு நின்றது. மடியில் கிடந்த வலது கையின் மூன்று விரல்கள் சேர்ந்தன. "களத்துமேட்டு ஓரத்திலே" வருகிற இடம் போயிற்று. "கடைசி வரைக்கும் நின்ன" வருகிற இடம் வந்தது. நான் பாடுவதை நிறுத்தினேன்.

அக்கா தலையை நிமிர்த்தினார். பாடவில்லை. மைதானங்களை நிறைத்த அந்தக் குரலில், வாயால், கூப்பிட்டார்.

"சாமிக்கண்ணு!"

திருவாரூர் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்த யாரோ ஒருவர் அந்தக் காலைக் கீழே இறக்கி, எங்கள் பக்கம் திரும்பி, "என்னம்மா?" என்றார்.